‘இயற்கை நாட்டு விதைப் பெட்டி’ வாங்குமுன் இதைப் படியுங்கள்

காரிடாரில் தொட்டி வைத்துக் காய்கறி வளர்க்கும் யாராவது இணையத்தில் இந்த மாதிரிப் பெட்டி வாங்க நினைத்தால், பணம் அனுப்புமுன் ஒரு நிமிடம்.

மார்ச் மாதம் அம்மாவுக்காக ஒன்று வாங்கினேன். 65 வெள்ளி. பத்து வகை விதை, தேங்காய் நார்க் கட்டி, ஒரு பை உரம். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டு வாசலில் காலை வெயில் நன்றாக விழும். அம்மா ஊரில் தோட்டம் போட்டுப் பழகியவர். பெட்டி வந்த இரண்டே நாளில் விதைத்து முடித்துவிட்டார்.

மூன்று வாரத்தில் முளைத்தது தண்டுக்கீரையும் இரண்டு அவரையும்தான். ஒரு வாரத்துக்குள் தலைகாட்ட வேண்டிய வெண்டை ஒன்றுகூட வரவில்லை. விற்றவருக்கு எழுதினேன். “தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்” என்று ஒரே வரியில் பதில். அதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக்கூடாது. “வயசாயிடுச்சு, கைராசி போயிடுச்சு போல” என்று தொட்டிகளைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கிவிட்டார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

சரி, பார்த்துவிடுவோம் என்று மீதி விதைகளைச் சோதித்தேன். ஈரமான டிஷ்யூவில் வகைக்குப் பத்து விதை, மடித்து ஜிப் பைக்குள், மேலே பெயர் எழுதிச் சமையலறை மேடையில் வைத்தேன். கூடவே தேக்காவில் சமையலுக்கு வாங்கிய வெந்தயமும் பத்து. நனைத்துக் கொடுத்தது அம்மாதான். வெந்தயம் இரண்டாம் நாளே பத்துக்கு ஒன்பது முளைவிட்டது. கத்தரியும் மிளகாயும் மெதுவாக வருபவை என்பதால் இரண்டு வாரம் விட்டேன். கத்தரியில் ஒன்று முளைத்தது. மிளகாய், பாகல், வெண்டை எதிலும் ஒன்றுமில்லை, வெண்டை வழவழவென்று அழுகிவிட்டது. வெந்தயப் பையையும் வெண்டைப் பையையும் அம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் பொட்டலங்களைக் கவனித்தேன். பொட்டலமிட்ட தேதி இல்லை, முளைப்புத்திறன் இல்லை, கையால் எழுதிய பெயர் மட்டும். நம் வெப்பமும் ஈரக்காற்றும் விதையின் உயிரைச் சீக்கிரம் போக்கிவிடும். காற்றுப்புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதை விற்றவர் எங்கே எத்தனை நாள் போட்டுவைத்திருந்தாரோ! வெள்ளரி விதை ரோஸ் நிறத்தில் இருந்தது. பூஞ்சைக்கொல்லி பூசிய விதையை யாரும் தின்றுவிடக்கூடாது என்பதற்காக இப்படிச் சாயம் ஏற்றுவார்கள். ‘இயற்கை’ என்று எழுதிய பெட்டிக்குள் அது! அம்மா வெறுங்கையால் எடுத்து விதைத்தார். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

வாங்கும்போது விற்றவர், 5 வெள்ளி குறைக்கிறேன், பேநவ்வில் (கைப்பேசி எண்ணுக்கு வங்கிப் பணம் அனுப்பும் வசதி) நேரே அனுப்புங்கள் என்றார், நானும் அனுப்பினேன். அதைச் செய்யாதீர்கள். விற்பனைத் தளத்தின் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயாவது முறையிட்டிருக்கலாம். சிறுகோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போக 10 வெள்ளிதான் கட்டணம், ஆனால் எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண், அதுவும் இப்போது எடுக்கப்படுவதில்லை. வாங்குமுன் விற்பவரிடம் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தேதி தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். வாங்கிவிட்டால், மண்ணில் போடுமுன் பத்து விதையை டிஷ்யூவில் வைத்துப் பாருங்கள்.

அம்மா கவிழ்த்த தொட்டிகளை நிமிர்த்தி வெந்தயம் தூவியிருக்கிறார், கீரை இரண்டு முறை கிள்ளியாயிற்று. நேற்று அதே படங்களோடு, அதே பெட்டி, வேறு பெயரில் என் கண்ணில் பட்டது. இப்போது விலை 59 வெள்ளி.