பள்ளிக்கு வாங்கலாமா? ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி3 ரிசீவர் விமர்சனம்

வேலூர்ப் பள்ளி மாணவர்களுக்கு அமெச்சூர் ரேடியோவை (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதை) அறிமுகப்படுத்த, கணினியில் செருகி ரேடியோ அலைகளைக் கேட்கும் இந்த யூஎஸ்பி ரிசீவர் போதும். கேட்பது மட்டும்தான், ஒலிபரப்ப 12 வயது நிறைந்து, தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும்.

விலை குறைந்த பிளாஸ்டிக் மாடல்களை வாங்காதீர்கள். நம்மூர் வெயிலில் சூடேறியதும் அவற்றின் அலைவரிசை நகர்ந்துவிடும். வி3-இல் வெப்பம் மாறினாலும் அலைவரிசையை நிலையாக வைக்கும் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) டிசிஎக்ஸ்ஓவும் அலுமினிய உறையும் இருக்கின்றன. உறை சூடாவது இயல்பே.

இதை டிவி ரிசீவராகக் கருதி விண்டோஸ் தானாகவே டிவி டிரைவரைப் போட்டுவிடும். முதல் நாளே பலர் சோர்ந்துபோவது இங்கேதான். டிரைவரை மாற்ற உதவும் ஜாடிக் மென்பொருளில் 'பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0' தேர்ந்தெடுத்து வின்யூஎஸ்பி டிரைவரை நிறுவினால் சரியாகும். கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) தானியங்கியில் விடாமல் 30 டெசிபெலில் தொடங்குங்கள். அதிகமானால் உள்ளூர் எஃப்எம் நிலையங்கள் கண்ட இடத்திலெல்லாம் முளைக்கும்.

ஆன்டெனாவை மாணவர்களே கணக்கிடட்டும்: 300-ஐ (ஒளியின் வேகம், நொடிக்கு மில்லியன் மீட்டரில்) கேட்க வேண்டிய அலைவரிசையான 145.8-ஆல் வகுத்து, நான்கில் ஒரு பங்கெடுத்து, கம்பிக்கான திருத்தமாக 0.95-ஆல் பெருக்கினால் 49 செ.மீ. அந்த நீளத்தில் இரு கம்பிகளை 120 பாகையில் விரித்து, தரைக்கு இணையாகக் கட்டினால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.800 மெகாஹெர்ட்ஸ் குரல் கேட்கும், அங்கிருந்து பேசும் நேரமாக இருந்தால். வரும்போது 145.803, போகும்போது 145.797: நிலையம் நகர்வதால் அலைவரிசை மாறும் இந்த டாப்ளர் விளைவு திரையிலேயே சாய்ந்த கோடாகத் தெரியும். பாடப்புத்தகப் படத்தைவிட இது நன்றாக மனதில் பதியும்.

சுற்றிலும் மலை என்பதால் நிலையம் அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் உயர்ந்து கடக்கும் நேரங்களையே தேர்ந்தெடுங்கள். வகுப்பறை எல்இடி விளக்குகள் இரைச்சல் தரும், மொட்டைமாடியே மேல்.

பெட்டியில் வரும் முக்காலி மட்டும் காற்றுக்கு நிற்காது.