ஆயில் குடிக்கும் எம்.ஆர்.2 ஸ்பைடர்: ஊறவைப்பதா, பிஸ்டன் மாற்றுவதா?

டொயோட்டா எம்.ஆர்.2 ஸ்பைடர் காரின் தொடக்க ஆண்டு 1இசட்இசட் இன்ஜின்களில், பிஸ்டனின் ஆயில் ரிங் (சிலிண்டர் சுவரிலிருந்து மிகை ஆயிலை வழிக்கும் அடி வளையம்) பள்ளத்திலுள்ள வடிதுளைகள் போதாதவை. கரி அடைத்தால் ரிங் இறுகி ஆயில் எரியும். முதலில் மலிவான பிசிவி வால்வைப் (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) பாருங்கள். கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) சரியாக இருப்பதை நம்பி ஏமாறவேண்டாம். அது மேல் ரிங்குகளின் கதை, ஆயில் ரிங்கின் நிலையைச் சொல்லாது.

ஊறவைக்க: ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு பிஸ்டன்களையும் பாதி உயரத்தில் நிறுத்தி, கரி கரைக்கும் திரவத்தை பிளக் துளைகள் வழியே ஊற்றி ஓரிரவு விடுங்கள். பிளக் இல்லாமலே கிராங்க் செய்து மிச்சத்தை வெளியேற்றுங்கள். திரவம் தேங்கியபடி ஸ்டார்ட் செய்தால், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையலாம். பிறகே ஆயிலும் ஃபில்டரும் மாற்றி ஸ்டார்ட் செய்யலாம். செலவு சொற்பம், ஆனால் துளை சிறியதாகவே இருப்பதால் கரி திரும்பும்.

சிலிண்டரில் கீறல் தெரிந்தால் ஊறவைப்பது வீண். வடிதுளைக் குறை திருத்தப்பட்ட பிஸ்டன், புது ரிங், ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தேய்த்துச் சீராக்குவது) தேவைப்படும். இன்ஜினை ஒட்டிய முதல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) நொறுங்கியிருந்தால் அதையும் சேர்த்தே கவனியுங்கள். இல்லையேல் அந்தத் தூள் புது இன்ஜினையும் தின்னும்.