பெங்களூரு சிவாஜிநகர் சுற்றிப் பார்க்க ஸ்கூட்டி வாடகைக்கு எடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம் இதைப் படியுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஐயாயிரம் ரூபாயைப் பறிகொடுத்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்திலிருந்து மச்சான் வந்திருந்தான். என் வண்டி சர்வீஸில். ரஸ்ஸல் மார்க்கெட், அப்படியே மாதா கோயில், கமர்ஷியல் ஸ்ட்ரீட், உல்சூர் ஏரிக்கரையில் 18 வருஷம் மூடியே கிடந்து 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலை, சாயங்காலம் ஃப்ரேசர் டவுன் மசூதி ரோட்டில் கபாப் என்று திட்டம். தமிழ், உருது, கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே சந்தில் கேட்கும் ஏரியா, அவனுக்குக் காட்டியே ஆக வேண்டும் என்றிருந்தேன். ஆனால் ஆட்டோ? மீட்டரில் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய்தான், கேட்டது 150. சரி, வண்டியே எடுத்துவிடலாம் என்று ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு ஸ்கூட்டி வாடகைக் கடைக்குள் போனோம்.

அங்கேதான் ஆரம்பம். உள்ளே இருந்த ஆள் நாங்கள் பேசுவதைக் கேட்டதும் "எந்த ஊருண்ணா?" என்றான். சேலம் என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. "என் மாமியார் வீடு ஆத்தூர்ணா!" டீ சொன்னான். எந்தச் சந்து ஒருவழி, எங்கே வண்டியை விட்டால் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று பில்லுக்குப் பின்னால் படமே வரைந்து கொடுத்தான். வாடகை 600, டெபாசிட் ஐயாயிரம், வண்டி வந்ததும் அந்த இடத்திலேயே திருப்பி ஜிபே பண்ணிவிடுவானாம். மச்சான் வண்டியைச் சுற்றி வீடியோ எடுக்கப் போனான். "நம்மளுக்குள்ள எதுக்குண்ணா அதெல்லாம், வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புங்க" என்று சாவியைக் கையில் திணித்தான். அவ்வளவு பாசம்!

சாயங்காலம் வண்டியை விட்டபோது அந்த ஆள் இல்லை, வேறொரு பையன். நேராக இடப்பக்கத் தகட்டுக்குக் கீழே குனிந்து செல்போன் டார்ச் அடித்தான். எங்கே பார்க்க வேண்டும் என்று அவனுக்கு முன்னாடியே தெரியும். விரல் நீளத்துக்கு ஒரு கீறல். நானும் குனிந்து பார்த்தேன், கீறலுக்குள் துரு பிடித்திருந்தது. காலையில் விழுந்த கீறலில் சாயங்காலத்துக்குள் துரு ஏறுமா? அதைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. தகடு மாற்ற 5,500 ஆகுமாம், டெபாசிட் போக நான்தான் இன்னும் 500 தர வேண்டுமாம்! அந்த ஐந்நூறைக் கொடுக்காமல் வந்ததே பெரிய பாடு.

மறுநாள் போன் செய்தால் "ஓனர் ஊரில் இல்லை". அப்புறம் "அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் வரட்டும்". அப்புறம் "மெசேஜ் போடுங்க". போட்டேன், நீல டிக் விழுந்தது, அதோடு சரி. மச்சான் நம்பரிலிருந்து அடித்தபோது ஆத்தூர் மாப்பிள்ளையே எடுத்தான், குரல் எனக்குத் தெரியாதா, ஆனால் "தமிழ் நஹி மாலும்" என்று வைத்துவிட்டான். ஐயாயிரம் வாங்கும்போது தெரிந்த தமிழ்!

சிக்னலில் நின்ற டிராஃபிக் போலீஸ்காரரிடம் விசாரித்தபோது இன்னொன்று தெரிந்தது. நாமே ஓட்டுவதற்கு வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது வெள்ளை பிளேட், யாரோ ஒருவருடைய சொந்த வண்டி. வழியில் எங்கேயாவது இடித்திருந்தால் இன்சூரன்ஸும் கைவிரித்திருக்கும். டெபாசிட் போனதும் கடை கணக்குக்கு இல்லை, ஏதோ ஒரு தனி ஆள் பேருக்கு. பில்லில் கடைப் பேரும் இல்லை, ஜிஎஸ்டி நம்பரும் இல்லை, அந்த வழிப்படம் மட்டும் இருக்கிறது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. வெள்ளை பிளேட் என்றால் தொடாதீர்கள். யார் என்ன சொன்னாலும் அடிப்பக்கம் வரைக்கும் வீடியோ எடுங்கள். தனி ஆள் பேருக்கு டெபாசிட் போடாதீர்கள். மெட்ரோவில் எம்.ஜி. ரோடு இறங்கினால் கமர்ஷியல் ஸ்ட்ரீட் நடக்கிற தூரம், அங்கிருந்து ரஸ்ஸல் மார்க்கெட்டும் நடைதான். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். இதே ஏரியாவில் இதே மாதிரி டெபாசிட் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போய்க் கேட்கலாம்.