அனிமே பாணிக்கு எந்த மென்பொருள்: கிளிப் ஸ்டுடியோவா, ஓபன்டூன்ஸா?

3 நொடி ஓடும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள், கூந்தல் காற்றில் அலைகிறது. நொடிக்கு 24 ஃபிரேம் (திரையில் ஓடும் சட்டகம்) என்றால் மொத்தம் 72 ஃபிரேம். ஜப்பானிய வழக்கப்படி ஒவ்வொரு படத்தையும் 3 ஃபிரேம் நிறுத்தினால் 24 படங்கள் போதும். முகம் 'ஏ' செல், கூந்தல் 'பி' செல் (செல் என்பது தனியே வரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படம்) என்று பிரித்தால் 48 படங்கள். படத்துக்குப் பத்து இடத்தில் வண்ணம் என்று வைத்தாலே 480 முறை நிரப்ப வேண்டும்.

தூரிகை எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்து மட்டும் மென்பொருள் வாங்குகிறவர்கள் பிறகு சிக்கிக்கொள்வது இங்கேதான். கோடு வரைய எல்லாமே ஓரளவு தேறும். வண்ணம் நிரப்பும் கட்டத்திலும், எந்தப் படம் எந்த ஃபிரேமில் வரும் என்று குறிக்கும் டைம்ஷீட்டிலும்தான் ஒன்றின் சாயம் வெளுக்கிறது, இன்னொன்று கைகொடுக்கிறது.

அனிமே தோற்றமே ஒரு வேலைமுறையின் விளைவு. முதன்மைப் படம் (கெங்கா), இடைப்படங்கள் (தோகா), வண்ணம் (ஷிஆகெ), கடைசியில் எல்லாவற்றையும் அடுக்கி ஒளியும் கேமரா நகர்வும் சேர்க்கும் சத்சுஎய். இடைப்படத்தில் உருவக்கோடு கறுப்பு. நிழல் எங்கே முடிகிறது என்பதற்கு நீலக்கோடு, ஒளிப்பட்டைக்குச் சிவப்புக்கோடு. வண்ணம் நிரப்பிய பின் நீலமும் சிவப்பும் பக்கத்து நிறத்தில் கரைந்து மறைய வேண்டும். இதை எவ்வளவு குறைந்த உழைப்பில் செய்ய முடிகிறது என்பதே கேள்வி.

கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்

ஜப்பானின் செல்சிஸ் நிறுவனத்தின் படைப்பு. வரைய இதைவிட இதமான இடம் இந்தப் பட்டியலில் இல்லை. செல்லுக்குள் வெக்டர் லேயர் (கோட்டைப் புள்ளிகளாக இல்லாமல் வடிவமாகச் சேமிக்கும் அடுக்கு) வைத்து வரைந்தால், கோட்டைப் பிறகு இழுத்துத் திருத்தலாம், தடிமனை மாற்றலாம். லைட் டேபிளில் முன்பின் படங்களை நகர்த்தி, சுழற்றி, அடியில் வைத்து இடைப்படம் போடலாம். காகிதத்தில் படங்களைச் சரித்து வைத்து வரைந்து பழகியவர்களுக்கு இது பெரிய வரம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ப்ரோ பதிப்பில் டைம்லைன் 24 ஃபிரேமோடு நின்றுவிடும். நொடிக்கு 8 ஃபிரேம் என்று அமைத்தால் நம் 3 நொடிக் காட்சி சரியாக அதற்குள் அடங்கும், உண்மைதான். ஆனால் வேகமான அசைவுக்கு 2 ஃபிரேமுக்கு ஒரு படம் வேண்டும் என்றாலோ, கேமரா ஒவ்வொரு ஃபிரேமும் வழுக்கிப் போக வேண்டும் என்றாலோ அதில் வழியில்லை. அனிமேஷனுக்கென்றால் ஈஎக்ஸ் பதிப்புதான்.

வண்ணத்தில் இது சாதாரண ஓவிய மென்பொருள். கோட்டை ஆன்ட்டி-அலியாஸ் (விளிம்பை இடைநிறங்களால் மென்மையாக்குவது) இல்லாமல் வரைந்தால் விளிம்பில் வெள்ளைத் துணுக்கு விடாமல் நிரம்பும். பதிலுக்குக் கோடு படிப்படியாகத் தெரியும். ஜப்பானிய ஸ்டுடியோக்களும் இப்படித்தான் நிரப்பி, சத்சுஎய் கட்டத்தில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற காட்சி அடுக்கும் மென்பொருளில் மழமழப்பாக்குகின்றன. அதற்கு ஓஎல்எம் டிஜிட்டல் இலவசமாகத் தரும் ஸ்மூதர் பிளக்-இன் இருக்கிறது. ஆனால் 48 படமும் முடிந்தபின் "கூந்தல் நிறம் இன்னும் கொஞ்சம் நீலமாக இருக்கட்டும்" என்று இயக்குநர் சொன்னால், ஒவ்வொரு செல்லாகத் திறந்து மாற்ற வேண்டியதுதான். செய்த வேலைகளைப் பதிந்து திரும்பச் செய்யும் ஆட்டோ ஆக்‌ஷன் பதிவுசெய்து வைத்தால் வலி குறையும், தீராது.

ஓபன்டூன்ஸ்

இத்தாலியின் டிஜிட்டல் வீடியோ நிறுவனம் உருவாக்கிய டூன்ஸ்தான் இதன் வேர். ஸ்டூடியோ ஜிப்லி தனக்கேற்ப மாற்றிப் பயன்படுத்திய வடிவத்தை ஒட்டி, 2016 மார்ச்சில் ட்வாங்கோ இதை இலவசத் திறமூலமாக வெளியிட்டது.

இதன் உயிர் டூன்ஸ் ராஸ்டர் என்ற லெவல் (ஒரு செல்லின் படங்கள் அடங்கிய கோப்பு) வகையில் இருக்கிறது. சாதாரணப் படத்தில் ஒரு பிக்சல் ஒரு நிறத்தை வைத்திருக்கும். இதில் ஒரு பிக்சல் மூன்று செய்திகளை வைத்திருக்கிறது: கோட்டின் நிற எண், நிரப்பிய நிறத்தின் எண், இரண்டும் கலக்கும் அளவு. அதனால் மழமழப்பான கோட்டுக்கு அடியிலும் இடைவெளி இல்லாமல் வண்ணம் போய்ச் சேர்கிறது. நிறம் பேலட்டில் (நிறப் பட்டியலில்) இருப்பதால் கூந்தல் நிறத்தை அங்கே ஒருமுறை மாற்றினால் 24 கூந்தல் படங்களும் அந்தக் கணமே மாறும். நீலம், சிவப்புக் கோடுகளின் ஸ்டைலில் (பேலட்டில் உள்ள ஒவ்வொரு நிறப் பதிவும் ஒரு ஸ்டைல்) 'ஆட்டோபெயின்ட் ஃபார் லைன்ஸ்' என்பதை இயக்கிவிட்டால், பக்கத்தில் நிரப்பும்போது கோடும் அந்த நிறத்தை ஏற்றுக் கரைந்துவிடும். 480 நிரப்பல்களில் இது மிச்சப்படுத்தும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

குறைகளும் உண்டு. தூரிகை கிளிப் ஸ்டுடியோ அளவுக்குக் கைக்கு இணங்காது. விண்டோஸில் பேனா அழுத்தம் தெரியவில்லை என்றால் ப்ரிஃபரன்ஸில் டேப்லெட் பகுதியில் விண்டோஸ் இங்க் அமைப்பை மாற்றிப் பாருங்கள். புதியவர்கள் படம் இழப்பது பெரும்பாலும் சேமிப்பில்: சீன் வேறு கோப்பு, லெவல் வேறு கோப்பு. சீனை மட்டும் சேமித்து மூடினால் வரைந்தது போய்விடும். எப்போதும் 'சேவ் ஆல்' கொடுங்கள். இடைமுகம் மிரட்டினால், இதிலிருந்தே கிளைத்த டஹோமா2டி சற்று எளிது. படத்தை எம்பி4 வீடியோவாக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற கருவி அதோடேயே வருகிறது.

இரண்டையும் சேர்த்தால்

எங்கள் பரிந்துரை இதுதான். கிளிப் ஸ்டுடியோவில் ஆன்ட்டி-அலியாஸ் இல்லாமல் கறுப்பு, நீலம், சிவப்புக் கோடுகளை வரையுங்கள். காகித லேயரை மறைத்து, செல்களைப் பி.என்.ஜி. வரிசையாக ஏற்றுமதி செய்து, ஏ.0001, ஏ.0002 என்று ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். ஓபன்டூன்ஸின் கன்வர்ட் சாளரத்தில் 'நான்-ஏஏ' (ஆன்ட்டி-அலியாஸ் இல்லாத) மூலத்திலிருந்து வண்ணமில்லா டிஎல்வி (டூன்ஸ் ராஸ்டர் கோப்பு) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று கோட்டு நிறமும் தனித்தனி ஸ்டைலாக வந்து நிற்கும். மழமழப்பையும் அங்கேயே சேர்க்கலாம். மூலப் படத்தில் ஆன்ட்டி-அலியாஸ் இருந்தால் இந்த இடத்தில் இடைப்பட்ட நிறங்கள் எல்லாம் தனி ஸ்டைல்களாகக் குவிந்து பேலட் நாசமாகும். நேரக்கணக்கு எக்ஸ்.டி.டி.எஸ். டைம்ஷீட் கோப்பாகப் போகும், மறுபடி தட்ட வேண்டாம்.

மற்றவை? கிரிட்டா இலவசம், தூரிகைகள் அருமை, முன்வரைவுக்கு நல்லது. ஆனால் ஓட்டிப் பார்க்க ஃபிரேம்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். 1920×1080 அளவில் ஒரு ஃபிரேமுக்கு 8.3 எம்பி, 6 நொடிக்கு 1.2 ஜிபி. 8 ஜிபி நினைவகமுள்ள கணினியில் திணறினால், செயல்திறன் அமைப்பில் அனிமேஷன் கேஷை (தற்காலிகச் சேமிப்பை) வட்டுக்கு மாற்றுங்கள். பிரான்ஸின் டிவிபெயின்ட் பென்சில் வாசனையுள்ள ஐரோப்பிய வகைப் படங்களுக்கு மிகச் சிறந்தது, விலை தனியாளுக்குக் கனம். டூன் பூம் ஹார்மனியின் பலம் எலும்புக்கூடு பொருத்திய பொம்மை அசைவில். படத்துக்குப் படம் வரைகிறவர் அந்தச் சந்தாவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தவே மாட்டார். கேமரா ஒரு தெருவைச் சுற்றிச் சுழலும் காட்சி என்றால் மட்டும் பிளெண்டரின் கிரீஸ் பென்சில், முப்பரிமாணத்தின்மேல் நேரடியாக வரையலாம்.

பணம் கட்டும் முன் சோதனைப் பதிப்பில் 6 படம் மட்டும் வரைந்து, நிழலோடு முழுக்க நிரப்பி, பிறகு கூந்தல் நிறத்தையும் நிழல் நிறத்தையும் மாற்றிப் பாருங்கள். அதற்கு எடுத்த நேரத்தை எட்டால் பெருக்கினால் நம் 3 நொடிக் காட்சியின் கணக்கு வரும்.