எது ஸ்போர்ட்ஸ் கார்: மாஸ்டா எம்எக்ஸ்-5-ஆ, ஹெல்கேட்டா?

குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை. டாட்ஜ் சேலஞ்சர் ஹெல்கேட்டில் 6.2 லிட்டர் சூப்பர்சார்ஜ்டு (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும்) வி8, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சின், 707 குதிரைத்திறன். மாஸ்டாவின் 2.0 லிட்டர் எஞ்சின் 200-ஐக்கூடத் தொடாது. நேர்கோட்டில் ஹெல்கேட்தான். ஆனாலும் அது மசில் கார், அதாவது நேர்கோட்டு வேகத்துக்காகப் பெரிய எஞ்சின் பொருத்திய கார். ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயர் மாஸ்டாவுக்கே பொருந்தும்.

காரணம் எடை. ஹெல்கேட் சுமார் 2,000 கிலோ, மாஸ்டா ஏறக்குறைய அதில் பாதி. மாஸ்டாவில் எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருப்பதால் பாரம் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட 50:50; ஸ்டீயரிங்கைத் திருப்பிய உடனே மூக்கு திரும்பும். ஹெல்கேட்டில் முன்பாரம் அதிகம். வளைவில் வேகமாக நுழைந்தால் முன்டயர்கள் பிடி இழந்து வண்டி வெளிப்பக்கம் தள்ளும். டிராக்கில் அடுத்தடுத்து பிரேக் பிடிக்கும்போது, அத்தனை எடையை நிறுத்தும் சூட்டில் பழைய பிரேக் ஆயில் கொதித்து, பெடல் அமுங்கிப்போகும்.