'100% மெரினோ' லேபிளை நம்பிக் கண்ணி ஏற்றாதீர்கள்

குழந்தை ஸ்வெட்டருக்கு நூல் வாங்குபவர்கள் கவனத்துக்கு. ஆன்லைனில் '100% மெரினோ, 50 கிராம்' என்று விற்ற 6 உருண்டைகள் வந்து சேர்ந்தன. மெரினோ என்னும் மென்மையான ஆட்டுக் கம்பளியும் இல்லை, 50 கிராமும் இல்லை.

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றும் 41 கிராம்தான். கம்பளி காற்றின் ஈரத்தை இழுக்கும், விடும். 2, 3 கிராம் கூடக்குறைய இருந்தால் குறை சொல்ல முடியாது. 9 கிராம் குறைவது ஈரப்பதக் கணக்கே இல்லை, எடைத் திருட்டு. ஆறிலும் சேர்த்து 54 கிராம்: ஓர் உருண்டைக்கும் மேலே காணோம். இரண்டாவது கையைப் பின்னும்போதுதான் இது தெரியவரும். அப்போது வாங்கும் நூல் வேறு சாயத் தொகுதியாக, அதாவது வேறொரு முறை சாயம் தோய்த்ததாக இருக்கும்; நிறம் ஒத்துப்போகாது.

சாயத்திலும் அதே கதை. லேபிளில் தொகுதி எண்ணே இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் ஆறும் ஒரே நீலம். பகல் வெளிச்சத்தில் இரண்டு மட்டும் லேசாகப் பச்சை அடித்தன. இது மட்டும்தான் குறை என்றால் சமாளிக்கலாம்: இரு நிற உருண்டைகளையும் இரண்டிரண்டு வரிசையாக மாற்றி மாற்றிப் பின்னினால் கண்ணுக்குத் தெரியாது.

இழையே பொய் என்றால் வழியில்லை. ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, உலோகத் தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். அசல் கம்பளி முடி கருகும் வாடையுடன் மெதுவாக எரியும். தீயை விலக்கினால் தானே அணையும். சாம்பல் விரலில் பொடியும். இந்த நூல் உருகிச் சொட்டியது, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக் போன்ற செயற்கை இழை. வாடையை மட்டும் நம்பாதீர்கள். கலப்பு நூலிலும் முடி வாடை வரும், ஆனால் கெட்டி மணியும் மிஞ்சும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு துண்டைக் குளோரின் பிளீச்சில் ஊறப்போடுங்கள். சில மணி நேரத்தில் கம்பளி கரைந்துவிடும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும்.

அக்ரிலிக்கில் குழந்தைக்குப் பின்னுவது தப்பில்லை, துவைக்கவும் சுலபம். ஆனால் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். அதைத் தெரிந்து வாங்குவது வேறு, மெரினோ என்று ஏமாற்றி விற்பது வேறு.

அளவும் கெட்டுவிடும். மார்பு 53 செ.மீ. உள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு, 10 செ.மீ.க்கு 22 கண்ணி (பின்னல் ஊசியில் ஏற்றும் நூல் வளையம்) என்று வைத்து 128 கண்ணி ஏற்றினால் ஸ்வெட்டர் சுற்றளவு தளர்வுடன் சேர்த்து 58 செ.மீ. வரும். துவைத்தபின் நூல் தளர்ந்து 20 கண்ணியாகிவிட்டால் அதே 128 கண்ணி 64 செ.மீ. ஆகிவிடும், தோள் சரிந்து தொங்கும். அதனால் அதே நூலில் முதலில் சிறிய மாதிரித் துண்டு பின்னி, அதைத் துவைத்து, காயவைத்து, பிறகு அளக்க வேண்டும். ஈரத்துண்டை வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். சின்னக் குழந்தைகள் கைப்பட்டியை வாயில் வைக்காமல் இருக்காது.

விற்றவரிடம் கேட்டதற்கு, "பிரித்த நூலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்பதே பதில். பார்சலைத் திறக்கும்போதே வீடியோ எடுங்கள், எடையும் லேபிளும் ஒரே படத்தில் தெரியட்டும். ஓர் உருண்டையை மட்டும் பிரித்துச் சோதியுங்கள். மற்றவற்றின் லேபிளைத் தொடாமல், திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை அப்படியே வையுங்கள்.