அக்குள் கணுவை எடுத்த நாத்தனார், எடுக்காத நான்

மார்பில் சின்னக் கட்டி, ஆரம்ப நிலைதான், கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று டாக்டர் சொன்னதும் பாதி பயம் போய்விடும். அடுத்த கேள்வி அக்குளைப் பற்றியது. அங்கே இருக்கும் நிணநீர்க் கணுவை (லிம்ப் நோட்) எடுத்து, புற்று பரவியிருக்கிறதா என்று சோதிப்பதா, தொடாமல் விடுவதா? மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இந்தக் கேள்வி வந்தது. நாத்தனார் எடுத்துக்கொண்டாள். நான் எடுக்கவில்லை. நான் என் பக்கம்தான் சாய்ந்து எழுதுவேன். ஆனாலும் அவள் எடுத்தது அவளுக்குச் சரி, அதையும் சொல்கிறேன்.

சோதனை பெரிய ஆபரேஷன் இல்லை. மார்பில் நீலச் சாயமோ, லேசான கதிரியக்க மருந்தோ, இரண்டுமோ போடுவார்கள். மார்பிலிருந்து வடியும் நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறது என்று அது காட்டிவிடும். அந்த ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனால் பயப்பட வேண்டாம், சாயம்தான். நாத்தனாருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அலறிவிட்டாள். அந்தக் காலத்தில் அக்குளையே மொத்தமாக வழித்து எடுத்தார்களே, அதோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஏன் வேண்டாம் என்றேன்? கட்டி சின்னதாக இருந்து, அக்குள் அல்ட்ராசவுண்டில் சந்தேகமாக எதுவும் தெரியாவிட்டால், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது. மிலான் டாக்டர்கள் நடத்திய ‘சவுண்ட்’ (SOUND) என்ற ஆய்வு 2023இல் வெளியானது. 2 செண்டிமீட்டர் வரை கட்டி இருந்த 1,405 பெண்களில், ஐந்து வருடம் கழித்தும் நோய் வேறு உறுப்புக்குப் பரவாமல் இருந்தவர்கள் கணு எடுத்த பக்கம் 97.7 சதவீதம், எடுக்காத பக்கம் 98. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடந்த ‘இன்செமா’ (INSEMA) என்ற ஆய்வு 2024 டிசம்பரில் வந்தது. ஐந்து வருடம் கழித்தும் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் எடுத்தவர்களில் 91.7 சதவீதம், எடுக்காதவர்களில் 91.9. இதையெல்லாம் வைத்து 2025இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் வழிகாட்டியையே திருத்தியது. மாதவிடாய் நின்ற, 50 வயதைத் தாண்டிய பெண், கட்டி 2 செண்டிமீட்டருக்குள், தரம் (புற்று எவ்வளவு வேகமானது என்ற அளவு) ஒன்று அல்லது இரண்டு, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் அதிகமில்லாதது), அல்ட்ராசவுண்டில் அக்குள் சுத்தம், மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சும் வாங்குகிறவர் என்றால் கணுச் சோதனையை விட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு வயது 58, கட்டி 1.3 செண்டிமீட்டர், மற்றதும் அப்படியே பொருந்தியது.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது இந்தச் சதவீதங்கள் இல்லை, கை. நான் தையல்காரி. கட்டி வலது மார்பில், துணி தள்ளுவதும் கத்தரி பிடிப்பதும் வலது கை. கணு எடுத்தவர்களுக்குச் சில சமயம் நிணநீர் வடியாமல் கை வீங்கும். இன்செமாவில் எடுத்தவர்களில் 5.7 சதவீதம், எடுக்காதவர்களில் 1.8. நூற்றுக்கு ஆறு பேர்கூட இல்லையே என்று தோன்றும். அந்த ஆறில் ஒருத்தி என் வீட்டிலேயே இருக்கிறாள். தீபாவளிக்கு வளையல் போடும்போதுதான் தெரிந்தது: இடது கையில் சுலபமாக ஏறிய அதே வளையல் வலது கையில் புறங்கையைத் தாண்டவில்லை. அப்போது அவளுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதாவது உடனே வரும் என்றுகூட இல்லை.

வந்தால் அதோடு வாழ வேண்டியதுதான். குறைக்கலாம், அடக்கி வைக்கலாம், அடியோடு போவதில்லை. மணிக்கட்டிலிருந்து தோள் வரை இறுக்கமான அழுத்த உறை போடணும். நம் ஊர் வெக்கையில் பத்து மணிக்கெல்லாம் உறைக்குள் வியர்வை ஊறி அரிப்பெடுக்கும். துவைத்து மாற்ற இன்னொன்று வேண்டும். சில மாதத்தில் இழுவை போய்விடும், மறுபடி வாங்கணும், அளவெடுக்க ஈப்போவுக்குப் போகணும். நாத்தனார் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள். மட்டை முள் கிழித்தால் நமக்கெல்லாம் மஞ்சளோடு போய்விடும். வீங்கிய கைக்கு அப்படி இல்லை, கிருமி ஏறினால் கை சிவந்து, காய்ச்சல் வந்து, ஊசி மருந்து வரைக்கும் போகும். “அண்ணி, நோயைவிட இந்தக் கையைப் பார்த்துக்கிறதுதான் பெரிய வேலையா இருக்கு” என்பாள். ஆபீஸில் உட்கார்ந்து வேலை செய்பவர், வீட்டுக்குப் பக்கத்திலேயே பிசியோதெரபி இருப்பவர் வேறு மாதிரிக் கணக்குப் போடலாம். தோட்டப்புறத்துக் கைக்கு இந்தப் பராமரிப்புதான் எல்லாவற்றையும் விடக் கனமான விஷயம் என்பேன்.

சரி, அப்படியானால் அவள் ஏன் எடுத்தாள்? அவளுக்கு வயது 44, மாதவிடாய் நிற்கவில்லை, கட்டி மூன்றாம் தரம். அந்த வயதில் கணுவில் புற்று இருந்தால் கீமோ கொடுப்பதா வேண்டாமா என்பதே மாறிவிடும். பதில் வைத்தியத்தை மாற்றும் என்றால் கேட்டுத்தான் ஆகணும், கை வீங்கினாலும். அவளிடம் போய் “என்னைப் போல விட்டிருக்கலாமே” என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஹெர்2 பாசிட்டிவ் உள்ளவர்கள், இரண்டு ஹார்மோனும் ஹெர்2வும் ஆக மூன்றும் நெகட்டிவ் ஆனவர்கள், மார்பை முழுதாக எடுப்பவர்கள், இவர்களுக்கும் என் கணக்கு ஒத்துவராது.

என் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. இன்செமாவில் அக்குளிலேயே நோய் திரும்பியவர்கள் எடுக்காத பக்கம் 1 சதவீதம், எடுத்த பக்கம் 0.3. சின்ன வித்தியாசம், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. ஹார்மோன் வகைப் புற்று பத்து, பதினைந்து வருடம் கழித்தும் திரும்பக்கூடியது. ஆய்வுகள் சொல்வதோ ஐந்து வருடக் கதை. எனக்கும் ஆபரேஷன் முடிந்து அதிக காலம் ஆகவில்லை, அதனால் என் கை நன்றாக இருப்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் அடிக்கடி கோட்டை விடுவது: கதிர்வீச்சு. அந்த ஆய்வுகளில் கணு எடுக்காதவர்களில் பெரும்பாலோர் மார்புக்குக் கதிர்வீச்சு முழுதாக வாங்கியவர்கள். வழக்கமாக மூன்று வாரம், வாரத்தில் ஐந்து நாள். பஸ் இல்லை, மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பாதியில் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி விட வேண்டிவரும் என்று தெரிந்தால் அதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், கணுவைப் பற்றிய பேச்சே வேறு மாதிரி போகும்.

செலவைப் பற்றிக் கேட்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அதை வைத்து முடிவெடுக்கும் அளவுக்கு வித்தியாசம் வராது. டாக்டரைப் பார்க்கப் போகும்போது கட்டியின் பயாப்ஸி அறிக்கையையும் அக்குள் அல்ட்ராசவுண்ட் அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள். அக்குளுக்குத் தனியாக ஸ்கேன் எடுக்கவே இல்லை என்றால், முதலில் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.